ஃப்ரிஷ்ஸ் பிக் பாய் - கடை போச்சா, இடம் போச்சா?

சின்சினாட்டி பக்கம் படிக்க வந்த நம்ம மக்கள் எல்லாருக்கும் ஒரு பொம்மையைத் தெரிஞ்சிருக்கும். குண்டுக் கன்னம், கோடு போட்ட ஓவரால், தலையில் சின்னத் தொப்பி, முகம் முழுக்கச் சிரிப்பு. சாலையோரத்துல ஒரு சாப்பாட்டுக் கடை வாசலில் நிப்பான். பேரு பிக் பாய். கடை பேரு ஃப்ரிஷ்ஸ்.

அமெரிக்கா முழுக்க உள்ள கடை இல்லை இது. ஒஹையோவின் தென்மேற்கு, கென்டக்கி, இண்டியானா, அவ்வளவுதான் இதன் ராஜ்ஜியம். நியூ ஜெர்சியில இருக்கிற நண்பர்கிட்ட சொன்னா "அப்படி ஒரு கடையா?"ன்னு கேப்பார். ஆனா இந்த ஊர்க்காரங்க கிட்ட பேச்சுக் கொடுத்தா தாத்தா காலத்துக் கதை வரும். ஞாயித்துக்கிழமை சர்ச் முடிஞ்சு குடும்பத்தோட போன கதை, பள்ளிக்கூட ஃபுட்பால் மேட்ச் முடிஞ்சு கூட்டமா போன கதை. நம்ம ஊர்ல பஸ் ஸ்டாண்டு பக்கத்துல மூணு தலைமுறையா ஒரே குடும்பம் நடத்துற டிபன் கடை இருக்குமே, அந்த மாதிரி. கூடவே நூத்துச் சொச்சம் கிளைகள்.

இந்தக் கடை 1905இல் ஆரம்பிச்சது. 110 வருஷம் ஒரே குடும்பத்தின் கையில் இருந்தது. 2015இல் கை மாறியது. அடுத்த பத்து வருஷத்துக்குள்ள கடை கடையா பூட்டு விழுந்தது. "காலம் மாறிப் போச்சு, இப்போ யாரு டைனருக்கெல்லாம் போறாங்க"ன்னு ஒரு வரியில முடிச்சிடலாம். எல்லாரும் அப்படித்தான் முடிக்கிறாங்க. எனக்கு அது சரியாப் படலை. கொஞ்சம் ஆரம்பத்துல இருந்து வருவோம்.

சாமுவேல் ஃப்ரிஷ்ஷும் திவாலான மகனும்

சாமுவேல் ஃப்ரிஷ் என்பவர் 1905இல் சின்சினாட்டியில் ஒரு சின்ன கஃபே திறந்தார். பிறகு கடையை ஊரை ஒட்டிய நார்வுட் என்ற தொழிற்சாலைப் பகுதிக்கு மாத்தினார். ஆலையில வேலை பார்க்கிறவங்களுக்குச் சூடா சாப்பாடு, அதான் வியாபாரம். 1923இல் அவர் இறந்ததும் மகன்கள் கடையை எடுத்து நடத்தினார்கள். அதில் டேவ் ஃப்ரிஷ் கொஞ்சம் துடிப்பான ஆள். 1932இல், அதாவது பெரும் பொருளாதார மந்தம் உச்சத்தில் இருந்தப்போ, அண்ணன் தம்பிகளிடம் தன் பங்கை வித்துட்டுத் தனிக்கடை போட்டார். ஊரே வேலையில்லாம நிக்கும்போது தனிக்கடை! முதல்ல நல்லாத்தான் போச்சு. அகலக்கால் வெச்சு இன்னொரு கடையும் திறந்தார். 1938இல் திவால்.

பெரும்பாலான கதைகள் இங்கேயே முடிஞ்சிருக்கும். டேவ் ஃப்ரிஷ்ஷுக்கு உள்ளூர்த் தொழிலதிபர் ஒருத்தர் பணம் போட்டுக் கை கொடுத்தார். அந்தப் பணத்துல 1939இல் ஃபேர்ஃபேக்ஸ் என்ற இடத்தில், வூஸ்டர் பைக் சாலையில், ஒரு கடை வந்தது. பேர் மெயின்லைனர்.

பேருக்குப் பின்னாடி ஒரு சுவாரசியம் இருக்கு. யுனைடெட் ஏர்லைன்ஸ் தன்னோட பயணிகள் விமானங்களுக்கு வெச்சிருந்த பேர் மெயின்லைனர். கடைக்குக் கொஞ்ச தூரத்துல லங்கன் விமான நிலையம். அந்தக் காலத்துல விமானம்னா நவீனத்தின் உச்சம். அந்தப் பேரைக் கடைக்கு வெச்சா கடையும் நவீனம் ஆயிடும்ல? நம்ம ஊர்ல முடிவெட்டும் கடைக்கும் 'ஏர் கண்டிஷன்' போர்டு மாட்டின அதே லாஜிக் :-)

மெயின்லைனர் ஒரு டிரைவ்-இன். காரை நிறுத்தினா பணியாளர் காருக்கே தட்டு கொண்டு வருவார். கோடையில மட்டும் நடத்தாம வருஷம் பூரா நடந்த டிரைவ்-இன் என்பது சின்சினாட்டிக்குப் புதுசு. டேவ் ஃப்ரிஷ் புரிஞ்சுகிட்ட விஷயம் இதுதான்: மனுஷன் இனிமே நடந்து வந்து சாப்பிடப் போறதில்லை, காரில் வருவான். அப்ப கடை எங்கே இருக்கணும்? கார் போற பெரிய ரோட்டுல, நிறுத்துறதுக்கு நிறைய இடத்தோட. இந்த 'நிறைய இடம்' என்ற வார்த்தையை ஞாபகம் வெச்சுக்குங்க. கதையின் கடைசியில திரும்ப வரும்.

கலிஃபோர்னியாவில் இருந்து வந்த குண்டுப் பையன்

பிக் பாய் ஃப்ரிஷ்ஷின் சொந்தச் சரக்கு இல்லை. கலிஃபோர்னியாவில் க்ளெண்டேல் என்ற ஊரில் பாப் வையன் என்ற இளைஞர் 1936இல் தன் பழைய டிசோட்டோ காரை 350 டாலருக்கு வித்து, பத்து ஸ்டூல் போட்ட ஒரு குட்டிக் கடையை வாங்கினார். பேரு பாப்ஸ் பேன்ட்ரி. அடுத்த வருஷம் வாடிக்கையா வர்ற இசைக்குழுக்காரர்கள் "எப்பவும் போடுறதே போடுறியேப்பா, வேற ஏதாவது போடு"ன்னு கேட்டிருக்காங்க. அவர் விளையாட்டா பன்னை மூணா வெட்டி, நடுவுல ஒரு துண்டு வெச்சு, ரெண்டு இறைச்சி அடுக்கு போட்டு நீட்டினார். இரண்டடுக்கு ஹாம்பர்கர் பிறந்தது இப்படித்தான்னு சொல்வாங்க. கடைக்கு வந்து போற ஒரு குண்டுப் பையன் நினைவா அதுக்குப் பேரும் வெச்சார். மெக்டொனால்ட்ஸின் பிக் மேக் வர்றதுக்கு முப்பது வருஷம் முன்னாடி நடந்த கதை இது.

இரண்டாம் உலகப் போர் முடிஞ்ச சமயம் டேவ் ஃப்ரிஷ்ஷுக்கு இது கண்ணில் பட்டது. வையனுக்கும் வெளி மாநிலங்களில் பிக் பாயை விற்கும் ஆட்கள் வேண்டியிருந்தது. வேற மாநிலத்திலும் பயன்பாட்டில் இருந்தாத்தான் தேசிய அளவில் வணிகச்சின்ன உரிமை நிக்கும். ஆக, ஃப்ரிஷ் வையனோட முதல் உரிமதாரர் ஆனார். 1948இல் சின்சினாட்டியின் சென்ட்ரல் பார்க்வேயில் ஃப்ரிஷ்ஸ் பிக் பாய் டிரைவ்-இன் வந்தது.

இங்கே ஒரு முக்கியமான வித்தியாசம். இப்போ நாம பார்க்கிற ஃப்ரான்சைஸ்னா சிகாகோவில் சாப்பிட்டாலும் சென்னையில் சாப்பிட்டாலும் ஒரே ருசி, ஒரே போர்டு. அப்போ பிக் பாய் அப்படி இல்லை. ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு குடும்பம் அல்லது ஒரு முதலாளி. போர்டுல முதல்ல அவங்க பேரு, அப்புறம்தான் பிக் பாய். மிச்சிகனில் எலியாஸ் பிரதர்ஸ், தெற்கே ஷோனிஸ், இங்கே ஃப்ரிஷ்ஸ். பொம்மையின் உடையும் தலைமுடியும்கூட ஊருக்கு ஊர் மாறும். ருசியும் மாறும். கலிஃபோர்னியாவில் தவுசண்ட் ஐலண்ட் மாதிரி ஒரு சிவப்புச் சாஸ். ஃப்ரிஷ் அதை எடுத்துட்டு டார்ட்டர் சாஸ் போட்டார். மீனுக்குத் தொட்டுக்கிற சாஸை மாட்டிறைச்சி பர்கரில் போடுவதா என்று வெளியூர்க்காரங்க முகம் சுளிப்பாங்க. இந்த ஊர்க்காரங்களுக்கு அது இல்லைன்னா பிக் பாயே இல்லை. பாட்டில்ல அடைச்சு மளிகைக்கடையிலும் விக்கிற அளவுக்கு அந்த சாஸுக்கு மவுசு.

நமக்கு இது புரியும். தஞ்சாவூர் சாம்பாரும் கோயமுத்தூர் சாம்பாரும் ஒண்ணா? பேர் ஒண்ணு, கை வேற.

மருமகனும் பேரனும்

1970இல் டேவ் ஃப்ரிஷ் இறந்தார். பொறுப்பு மருமகன் ஜாக் மேயரிடம் வந்தது. அவர் டேவின் மகள் பிளாஞ்சின் கணவர். பிறகு 1989இல் அவர்களின் மகன் கிரெய்க் மேயர் தலைமைக்கு வந்தார். கம்பெனிப் பங்குகள் சந்தையில் இருந்தாலும் கடிவாளம் வீட்டுக்குள்ளதான் இருந்தது.

இந்தக் காலத்துல மத்த பிக் பாய் குடும்பங்கள் என்ன ஆச்சுன்னு பாருங்க. பாப் வையன் 1967இல் மொத்தத்தையும் மாரியட் கம்பெனிக்கு வித்துட்டார். ஷோனிஸ் 1984இல் பிக் பாயை விட்டு விலகிடுச்சு. மாரியட் அப்புறம் பிக் பாய் பேரை எலியாஸ் பிரதர்ஸுக்கு 1987இல் கொடுத்தது. எலியாஸ் பிரதர்ஸ் 2000இல் திவால். ஊர் ஊரா பையன் காணாம போயிட்டே இருந்தான்.

ஃப்ரிஷ்ஸ் மட்டும் நின்னுச்சு. 2001இல் பிக் பாய் தலைமை நிறுவனத்தைப் புதுசா ஒருத்தர் வாங்கினப்போ, ஃப்ரிஷ்ஸ் அவரோட ஒப்பந்தம் போட்டு, கென்டக்கி, இண்டியானா, ஒஹையோவிலும் டென்னஸியிலும் பெரும்பகுதி - இந்த எல்லைக்குள்ள பிக் பாய் பேரை நிரந்தரமா தன் சொந்தமாக்கிக்கொண்டது. மத்த இடங்கள்ல இருந்த உரிமையை விட்டுக் கொடுத்தது. என்னைக் கேட்டா இந்தக் கதையின் மிகச் சாமர்த்தியமான முடிவு இது. எல்லா ஊரும் வேணும்னு பறக்கலை. நம்ம ஊரு நமக்குப் போதும், ஆனா அதை யாரும் பிடுங்க முடியாதபடி எழுதி வாங்கிக்குவோம்.

நடுவுல வேற தொழிலையும் தொட்டுப் பார்த்தாங்க. 90களின் கடைசியில் கோல்டன் கோரல் என்ற பஃபே கடைகளை உரிமம் வாங்கி நடத்தினாங்க. 2012இல் அதை வித்துட்டுப் பழையபடி டார்ட்டர் சாஸுக்கே திரும்பிட்டாங்க.

இப்போ அந்த 'நிறைய இடம்'

இவ்வளவு நாள் இந்தக் கடையைத் தாங்கினது எது? ருசின்னு சொல்வாங்க. பழக்கம்னு சொல்வாங்க. ரெண்டும் உண்மைதான். மூணாவதா ஒண்ணு இருக்கு, அது மெனு கார்டுல இருக்காது. பெரும்பாலான கடைகள் நின்ன நிலமும் கட்டடமும் கம்பெனியோட சொந்தம். டிரைவ்-இன் காலத்துல பெரிய ரோட்டோரம் வாங்கின இடங்கள். ஊர் வளர வளர அந்த மண்ணோட மதிப்பும் வளர்ந்தது.

சொந்த இடத்துல கடை நடத்துறதுக்கும் வாடகை இடத்துல நடத்துறதுக்கும் என்ன வித்தியாசம்னு நம்ம ஆட்களுக்கு விளக்கவே வேணாம். வியாபாரம் மந்தமான மாசம் சொந்த இடத்துக்காரன் லாபம் இல்லாம இருப்பான். வாடகைக்காரன் கடனாளி ஆவான். அவ்வளவுதான் வித்தியாசம். ஆனா அதுதான் எல்லா வித்தியாசமும்.

2015இல் குடும்பம் விற்க முடிவு பண்ணியது. வாங்கியது அட்லாண்டாவைச் சேர்ந்த என்.ஆர்.டி. கேபிடல் என்ற தனியார் முதலீட்டு நிறுவனம். பங்குக்கு 34 டாலர், மொத்தம் ஏறக்குறைய 17.5 கோடி டாலர். அப்போ சுமார் 120 கடைகள், அதில் பெரும்பாலானவை கம்பெனியே நடத்தினவை.

அதே வருஷம், அதே சூட்டோடு, 74 கடைகளின் நிலமும் கட்டடமும் நேஷனல் ரீட்டெய்ல் ப்ராப்பர்ட்டீஸ் என்ற நில முதலீட்டு நிறுவனத்துக்குக் கை மாறின. பிறகு 2023இல் அந்த நிறுவனம் தன் பேரை என்.என்.என். ரீட் என்று மாத்திக்கொண்டது. இடத்தை வித்த கையோடு அதே இடத்தை நீண்ட கால வாடகைக்குத் திரும்ப எடுத்துக்கிறது. அமெரிக்காவில் இது ரொம்ப சகஜமான, முழுக்கச் சட்டபூர்வமான ஏற்பாடு.

எளிமையா ஒரு கணக்கு (எண்கள் நான் உதாரணத்துக்குப் போட்டது). உங்க கிட்ட வீட்டோட சேர்ந்த இட்லிக் கடை இருக்கு. நான் அதை 100 ரூபாய்க்கு வாங்குறேன். வாங்கின அன்னிக்கே வீட்டை மட்டும் இன்னொருத்தருக்கு 80 ரூபாய்க்கு வித்துடுறேன். ஆக, கடை எனக்கு 20 ரூபாய்க்குக் கிடைச்ச மாதிரி. பிரமாதம்ல? ஆனா நாளையிலிருந்து இட்லிக் கடை மாசா மாசம் வாடகை கட்டணும். நேத்து வரைக்கும் இல்லாத செலவு. இட்லி அதே இட்லி, வர்றவங்க அதே ஆட்கள்.

அந்த 'என்.என்.என்.' என்ற பேரிலேயே சேதி இருக்கு. வாடகை போக, சொத்து வரி, காப்பீடு, பராமரிப்பு மூணையும் குடியிருக்கிறவரே பார்த்துக்கணும் என்ற குத்தகை முறைக்கு இங்கே 'ட்ரிப்பிள் நெட்'னு பேரு. கூரை ஒழுகினாலும் கடைக்காரன் தலையிலதான். சொந்தக்காரனா இருந்தப்போ இருந்த அத்தனை செலவும் அப்படியே இருக்கும். சொந்தம் மட்டும் இருக்காது.

நியாயமா சொல்லணும்னா எதிர்த்தரப்புக்கும் வாதம் இருக்கு. மண்ணுக்குள்ள பணத்தைப் புதைச்சு வைக்கிறதைவிட அதை எடுத்துத் தொழிலை விரிவாக்கலாம் என்பது எம்.பி.ஏ. பாடம். நிலம் வாங்கினவங்களும் வாடகையை நம்பித்தான் தன் பங்குதாரர்களுக்குப் பதில் சொல்லணும். குடும்பம் பேராசைப்பட்டதுன்னும் சொல்ல மாட்டேன். நாலு தலைமுறை ஒரு சாப்பாட்டுக் கடையை நடத்தினதே பெரிய விஷயம். அதுக்கு மேல யாரு மேலயும் அதைத் திணிக்க முடியாது.

ஆனா சாப்பாட்டுக் கடைன்னா மந்தமான காலம்னு ஒண்ணு கட்டாயம் வரும். 2020 மார்ச் 15ஆம் தேதி, கொரோனாவுக்காக ஒஹையோவில் எல்லா உணவகங்களிலும் உட்கார்ந்து சாப்பிடத் தடை போட்டாங்க. உட்கார்ந்து காலை பஃபே சாப்பிட வர்ற வயசானவங்கதான் ஃப்ரிஷ்ஸுக்கு உயிர். அதுக்கப்புறம் முட்டை, எண்ணெய், சம்பளம் எல்லாமே ஏறுச்சு. டேவ் ஃப்ரிஷ்ஷின் குடும்பம் இதைவிட மோசமான மந்தத்தைப் பார்த்து எழுந்திருக்கு. இந்த முறை எழுந்திருக்கக் கையில மண் இல்லை.

2024, 2025

2024 கடைசியில் வாடகை பாக்கின்னு வெளியேற்ற வழக்குகள் வரிசையா வந்தன. ஒவ்வொரு வாரமும் உள்ளூர்ச் செய்தியில் ஒரு பட்டியல்: இந்தத் தெருக் கடை, அந்த ஊர்க் கடை. நில நிறுவனம் கடைசியில் 64 இடங்களைத் திரும்ப எடுத்துக்கொண்டது. பல வருஷமா தட்டு சுமந்த பணிப்பெண்கள், காலை நாலு மணிக்கு அடுப்பு பத்த வெச்ச சமையல்காரர்கள், எல்லாரும் வெளியே. வாசல்ல இருந்த பொம்மைகளையும் எடுத்துட்டாங்க.

இதுக்கு மேல ஒரு திருப்பம். மிச்சிகனில் இருக்கிற பிக் பாய் நிறுவனம் 2025 தொடக்கத்தில், காலியான அந்தக் கட்டடங்கள்ல சிலதுல புதுசா கடை போட வந்தது. பிக் பாய் பேரைத்தான் இங்கே பயன்படுத்த முடியாதே, 2001 ஒப்பந்தம் இருக்கே? அதனால டாலீஸ் என்று பேர் வெச்சாங்க. டாலி என்பது பிக் பாய் படக்கதைகளில் வர்ற அவனோட தோழி! விஷயம் வணிகச்சின்ன வழக்காகி கோர்ட்டுக்குப் போச்சு. ஒரு பக்கம் பேர் மட்டும் உள்ளவங்க, இன்னொரு பக்கம் இடம் கிடைச்சும் பேர் இல்லாதவங்க. ஒரு காலத்துல பேர், இடம், ருசி மூணும் ஒரே குடும்பத்துக்கிட்ட இருந்தது.

ஃப்ரிஷ்ஸ் முழுசா செத்துப் போகலை. எஞ்சின கடைகளில் டார்ட்டர் சாஸும் பூசணி பையும் கிடைக்குது. (அந்தப் பூசணி பை நம்ம ஊர் பரங்கிக்காய் அல்வாவுக்கு ஒண்ணு விட்ட தம்பி. சைவக்காரங்க தைரியமா சாப்பிடலாம்னு சொல்ல முடியாது, முட்டை உண்டு!)

ஏன் இதையெல்லாம் எழுதுறேன்?

டைனர் காலம் முடிஞ்சது, அதனால கடை மூடுச்சு என்ற விளக்கத்துல ஒரு சௌகரியம் இருக்கு. அதில் யாரும் எதையும் செய்யலை, காலம் செஞ்சது. ஆனா வரிசையா தேதி போட்டுப் பார்த்தா மனுஷங்க எடுத்த முடிவுகள்தான் தெரியுது. 1939இல் ஒருத்தர் ரோட்டோரம் இடம் பார்த்தார். 2001இல் ஒருத்தர் பேரை எழுதி வாங்கினார். 2015இல் சிலர் இடத்தைப் பிரிச்சு வித்தாங்க. வியாபாரம் குறைஞ்சதும் உண்மை. குறைஞ்ச வியாபாரத்தைத் தாங்கிப் பிடிக்கிற கால் அதுக்கு முன்னாடியே போயிடுச்சு என்பதும் உண்மை. முதல் உண்மையை எல்லாரும் சொல்றாங்க. ரெண்டாவதைக் கணக்குப் புத்தகத்தைத் திறந்தாத்தான் பார்க்க முடியும்.

இங்கே அமெரிக்காவுல நம்ம ஆட்களும் தோசைக் கடை போடுறாங்க. பெரும்பாலும் வணிக வளாகத்துல வாடகைக்குத்தான். மாவு புளிச்சதா, சாம்பார்ல உப்பு சரியான்னு நாம ஆயிரம் விமர்சனம் எழுதுறோம். அடுத்த தடவை ஒரு நல்ல கடை திடீர்னு மூடினா, "ருசி போயிடுச்சு"ன்னு சொல்றதுக்கு முன்னாடி குத்தகை எப்போ முடிஞ்சதுன்னு விசாரிச்சுப் பாருங்க.

ஊருக்கு ஃபோன் பண்ணும்போது இந்தக் கதையை அப்பாகிட்ட சொன்னேன். பொறுமையா முழுசும் கேட்டுட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இடத்தை ஏம்ப்பா வித்தாங்க?" எம்.எஸ். படிக்கிற எனக்கு இந்தக் கேள்விக்கு வர்றதுக்கு மூணு வாரம் பழைய செய்தியெல்லாம் படிக்க வேண்டியிருந்தது.